தாகத்திற்கும் சிகிச்சை உண்டு

தீவிர சிகிச்சைப் பிரிவில் நாடித் துடிப்பும் இரத்த அழுத்தமும் மணிக்கு மணி குறிக்கப்படுகின்றன. ஆனால் தொண்டைக்குள் சுவாசக் குழாய் செலுத்தப்பட்டதனால் பேச்சிழந்து, கண்ணாலும் கையசைவாலுமே தம் உபாதையைத் தெரிவிக்கக்கூடிய நோயாளியின் தாகம் பல இடங்களில் எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை. அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் செவிலியர் பேராசிரியை காத்லீன் புன்டில்லோவும் அவருடைய சகாக்களும், மரண அபாயம் மிகுந்த நோயாளிகளை விசாரித்து 2010-ல் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழ பத்துக்கு ஏழு விசாரணைகளில் தாகம் பதிவாயிற்று.

குழாயினால் ஓயாது திறந்திருக்கும் வாயும், ஈரமற்ற ஆக்ஸிஜனும், வலியைத் தணிக்கும் மருந்துகளும், சிறுநீரைப் பெருக்கும் மருந்துகளும், வாய்வழி ஆகாரம் நிறுத்தப்படுவதும் உமிழ்நீரை வற்றச் செய்கின்றன. உமிழ்நீர் வற்றிய வாயில் உதடும் நாக்கும் வெடிப்பதோடு கிருமிகளும் பெருகி, நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியாவுக்கு வழி திறந்துவிடுகின்றன.

நோயாளி தவிப்பதைக் காணும் உறவினர், பாசத்தின் மிகுதியால் ஒரு வாய் தண்ணீர் ஊற்றிவிடத் துணிவது இயல்பே. ஆயினும், மயக்கத்தில் இருப்பவருக்கும், குழாய் அண்மையில் எடுக்கப்பட்டு விழுங்கும் சக்தி இன்னும் பரிசோதிக்கப்படாதவருக்கும், அந்தத் தண்ணீர் மூச்சுக்குழலில் இறங்கிப் பிராணாபாயம் விளைவிக்கலாம் என்பதை மறவாதிருக்க வேண்டும்.

பரிகாரமோ எளியது. குளிர்ந்த கிருமி நீக்கிய நீரை வாயினுள் மெல்லத் தெளித்து, ஈரப் பஞ்சினால் நாக்கையும் ஈறுகளையும் துடைத்து, உதட்டிற்கு ஈரம் காக்கும் களிம்பு தடவும் முறையை, அதே குழுவினர் 252 நோயாளிகளைக் கொண்டு பரீட்சித்து 2014-ல் வெளியிட்டனர். பூஜ்யம் முதல் 10 வரையிலான அளவுகோலில், இந்தப் பராமரிப்பைப் பெற்றவர்களின் தாகத் தீவிரம் 2.3 புள்ளியும், வழக்கமான கவனிப்பைப் பெற்றவர்களுடையது 0.6 புள்ளியும் குறைந்தது. பல் துலக்குவதும் தலைப்பக்கத்தை உயர்த்தி வைப்பதும் இதனோடு சேர வேண்டியவை. எலுமிச்சை கலந்த கிளிசரின் பஞ்சோ, தன் புளிப்பினால் பல்லைக் கரைத்து வாயை மேலும் உலர்த்துவதாகையால் விலக்கத்தக்கது.

இந்தப் பராமரிப்பு நடக்கிறதா என்று கேட்க உறவினர் தயங்க வேண்டியதில்லை. இந்தியாவின் தேசிய மனித உரிமை ஆணையம் 2018-ல் வகுத்த நோயாளர் உரிமைச் சாசனம், சிகிச்சையைப் பற்றிய விவரங்களை அறியும் உரிமையையும், மருத்துவ ஆவணங்களின் பிரதியைப் பெறும் உரிமையையும், குறை கூறி நிவாரணம் தேடும் உரிமையையும் எடுத்துரைக்கிறது. ஆகவே, "வாய்ப் பராமரிப்பு எத்தனை மணிக்கொரு முறை நடக்கிறது? தாகத்தைக் கேட்டுக் குறிக்கிறீர்களா? ஈரப் பஞ்சினால் நாங்கள் துடைக்கலாமா?" என்று பொறுப்புச் செவிலியரிடம் மரியாதையோடு வினவுங்கள். பதில் திருப்தி தராவிட்டால் மருத்துவரிடமும், பின்னர் மருத்துவமனை நிர்வாகத்திடமும் எழுத்து மூலம் முறையிடுங்கள். அலட்சியத்தால் தீங்கு நேர்ந்திருப்பின், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கட்டணம் பெற்றுச் சேவை செய்யும் மருத்துவமனையின்மீது இரண்டு ஆண்டுகளுக்குள் நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடரலாம்.

பணிச்சுமையால் களைத்திருக்கும் செவிலியரைக் குற்றவாளியாக்குவது இந்த முறையீட்டின் நோக்கமன்று. வலியைக் கேட்டு அறிவதைப் போலவே தாகத்தையும் கேட்டு, ஏட்டில் குறித்து, தணிக்க வேண்டும் என்பதை ஒவ்வொரு மருத்துவமனையும் விதியாக ஏற்று, அதற்கேற்ற செவிலியர் எண்ணிக்கையையும் அளிக்கட்டும்; பேச இயலாதவருக்காகப் பேசும் கடமை உறவினராகிய நம்முடையது.