ஒன்றுக்கு என்ன விலை?

கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களில் கூட்டலும் வகுத்தலும் அறியாதவர் மிகச் சிலரே. ஆயினும் நெல்லை விற்கும்போதும் கடன் வாங்கும்போதும் பலர் நஷ்டமடைகின்றனர். காரணம் யாதெனில், வெவ்வேறு அளவுகளில் கூறப்படும் விலைகளை ஒரே அளவுக்குக் கொண்டுவராமல் ஒப்பிடுவதேயாம்.

மொத்த விலையை மொத்த எடையால் வகுத்தால் ஒரு கிலோவின் விலை கிடைக்கும். இதுவே ஓரலகு விலை. விற்பவருக்கு இவ்வெண் பெரிதாயிருத்தல் லாபம்; வாங்குபவருக்குச் சிறிதாயிருத்தல் லாபம். எடையை விலையால் வகுத்தாலோ, ஒரு ரூபாய்க்குக் கிடைக்கும் பொருளின் அளவு வரும். அப்போது லாப நஷ்டம் தலைகீழாகும். ஆகையால் எதனை எதனால் வகுத்தோம் என்பதை மறத்தலாகாது.

ஓர் உதாரணம் காண்போம். ஒரு குடியானவரிடம் 3,000 கிலோ நெல் இருக்கிறது. முதல் வியாபாரி 75 கிலோ மூட்டைக்கு 1,500 ரூபாயும், இரண்டாமவர் 62 கிலோ மூட்டைக்கு 1,271 ரூபாயும், மூன்றாமவர் குவிண்டாலுக்கு 2,060 ரூபாயும் தருவதாகக் கூறுகின்றனர். வகுத்துப் பார்த்தால் கிலோவுக்கு முறையே ரூ. 20.00, ரூ. 20.50, ரூ. 20.60 ஆகும். மூட்டைக்கு 1,500 ரூபாய் என்பது காதுக்கு இனிது. ஆனால் அதுவே மூவரிலும் குறைந்த விலை.

இவ்வளவோடு நிறுத்துவதும் போதாது. மூன்றாமவர் கழிவு என்று சொல்லிக் குவிண்டாலுக்கு 2 கிலோ அதிகம் நிறுத்துக்கொள்வாராயின், 2,060 ரூபாயை 102 கிலோவால் வகுத்தல் வேண்டும். அப்போது கிலோவுக்கு ரூ. 20.20 தான் கிடைக்கிறது. எனவே இரண்டாமவரே சிறந்தவர். முதல்வருக்கும் இவருக்கும் உள்ள வித்தியாசம் கிலோவுக்கு 50 காசு. 3,000 கிலோவுக்கு 1,500 ரூபாய். முதல்வரின் கணக்கில் இது ஒரு முழு மூட்டையின் கிரயமாகும்.

உரம் வாங்குகையில் மூட்டையை அலகாகக் கொள்ளாமல் அதிலுள்ள சத்தையே அலகாகக் கொள்க. 45 கிலோ யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு வீதம் 20.7 கிலோ தழைச்சத்து உண்டு. 50 கிலோ அம்மோனியம் சல்பேட்டில் சுமார் 10 கிலோவே உண்டு. தழைச்சத்துக்காக மட்டும் வாங்குவோர் மூட்டையின் விலையை இவ்வெண்களால் வகுத்த பின்னரே ஒப்பிடவேண்டும்.

வட்டியில் காலமும் ஓர் அலகாகும். அணா வழங்கிய காலத்தில், ரூபாய்க்கு மாதம் ஓர் அணா வட்டி என்றால் அற்பமாகத் தோன்றும். ரூபாய்க்கு 16 அணா; வருஷத்துக்கு 12 அணா வட்டி. அதாவது நூற்றுக்கு 75! குடியானவரின் இத்தகைய கடன் சுமையைக் குறைக்கவே 1904ஆம் ஆண்டில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் இயற்றப்பட்டது.

அணா 1957இல் தசம நாணயத்துக்கு இடம் கொடுத்தது, கணக்கு மாறவில்லை. நூற்றுக்கு மாதம் 2 ரூபாய் வட்டி என்பது வருஷத்துக்கு 24. பத்தாயிரம் ரூபாய்க் கடனில் ஐந்து மாத வட்டி ஆயிரத்தை முன்னதாகவே பிடித்துக்கொண்டால், கைக்கு வந்தது 9,000 ரூபாயே. அதன்மீது கணக்கிட்டால் வருஷ வட்டி நூற்றுக்கு 26.67 ஆகிறது.

ஆகையால் பத்திரத்தில் கையெழுத்திடுமுன் அங்கத்தினர் மூன்று கேள்விகள் கேட்பாராக: கைக்கு வரும் தொகை எவ்வளவு? கொடுக்கவேண்டியது எவ்வளவு? எத்தனை மாதத்தில்? விடைகளைக் கடுதாசியில் எழுதி வகுத்துப் பார்க்க ஐந்து நிமிஷம் போதும்.