உத்தியோகத்துடன் உளவியல் டாக்டர் பட்டம்

ஹைதராபாத்தில் உத்தியோகமும் குடும்பமும் நிலைபெற்ற பின்னர், உளவியலில் டாக்டர் பட்டம் பெற விழையும் அன்பர்கள் நம்மிடையே உளர். 1918-இல் தோன்றிய உஸ்மானியா பல்கலைக்கழகத்திலும், 1974-இல் அமைந்த ஹைதராபாத் பல்கலைக்கழகத்திலும் உளவியல் ஆராய்ச்சி நடைபெறுகின்றது. சேர்க்கை அறிவிப்பில் பகுதி நேர இடங்கள் உளவா என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022-ஆம் ஆண்டு விதிகள் பகுதி நேர ஆராய்ச்சியை அனுமதிக்கின்றன. தபால் வழியிலோ இணைய வழியிலோ இப்பட்டம் பெற இயலாது. நுழைவுத் தேர்வைக் காட்டிலும் அரியது மேலதிகாரியின் கடிதமே என்போம். பகுதி நேரமாகப் படிக்க அனுமதி உண்டு, ஆராய்ச்சிக்குப் போதிய நேரத்தை அலுவல் அளிக்கும், தேவைப்படின் பாடப்பயிற்சிக்காகப் பணியினின்று விடுவிக்கப்படுவார் என்னும் மூன்றையும் அக்கடிதம் கூற வேண்டும். முதல் இரண்டிற்கு இசைபவரும் மூன்றாவதற்குத் தயங்கக்கூடும். ஆகவே, விண்ணப்பிக்கும் முன்பே கேட்டுப் பெறுதல் நலம்.

காலவரை குறைந்தது 3 ஆண்டு, மிகுதி 6 ஆண்டு. மறுபதிவு செய்தால் மேலும் 2. மகளிர்க்கு அதற்கு மேலும் 2. இன்று எட்டாம் வகுப்பில் பயிலும் பிள்ளை கல்லூரி புகும் வரை நீளக்கூடிய காலமாதலின், வீட்டாரின் இசைவுக் கடிதமும் வேண்டுமோ என்னவோ!

பட்டம் பெற்றதும் மனநலச் சிகிச்சை அளிக்கலாம் என்று எண்ணுவோரும் உளர். மருத்துவ உளவியலராகத் தொழில் நடத்த, 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்திய மறுவாழ்வுக் குழுவில் பதிவு வேண்டும். அக்குழு ஏற்ற தனிப்பயிற்சி இன்றி, ஆராய்ச்சிப் பட்டம் மட்டும் அதற்குப் போதாது. சிகிச்சையே நோக்கமாயின், அப்பயிற்சி நடைபெறும் நிலையங்களை முதலில் விசாரிப்பதே தக்கது.