பட்டாணி சைஸ் பஃபர் மீன்... வாங்கும் முன் இதைப் படிச்சிடுங்க!

வண்ண மீன் கடைக்குப் போனால், குழந்தைகளின் கால் தானாக நிற்கும் இடம் ஒன்று உண்டு. ஹெலிகாப்டர் போல அந்தரத்தில் நின்று, இரண்டு கண்களையும் தனித்தனியாக உருட்டி, வெளியே இருப்பவரையே பார்க்கும் குட்டி மீன். மஞ்சளும் பச்சையும் கலந்த உடம்பு, மேலே கறுப்புப் புள்ளிகள். "அப்பா, இது நம்மளையே பாக்குதுப்பா!" என்று பிள்ளை சொன்ன மறுநிமிடம், மீன் கவருக்குள் வந்துவிடும்.

வீட்டில் ஏற்கெனவே கப்பி மீன்கள் நீந்தும் தொட்டியில் அதையும் விடுவார்கள். மறுநாள் காலையில் கப்பிகளின் வால் கந்தலாகியிருக்கும். புது மீனோ, போட்ட தீனியைத் தொட்டிருக்காது. சில வாரங்களில் வயிறு ஒட்டிப்போய் அதுவும் மிதக்கும். "நம்ம வீட்டுக்கு மீன் ராசியில்லை" என்பார்கள். உண்மையில் காரணம் ராசியல்ல, பசி!

பக்கத்து மாநிலத்துக்காரர்

ட்வார்ஃப் பஃபர், மலபார் பஃபர் என்றெல்லாம் அழைக்கப்படும் இந்த மீன், நம் கடலோரங்களில் 'பேத்தை' என்று சொல்லும் மீனின் நன்னீர் உறவினர். வளர்ந்தாலும் சுமார் மூன்று சென்டிமீட்டர்தான். கேரளாவிலும் கர்நாடகாவின் தென்பகுதியிலும் மேற்குத் தொடர்ச்சி மலை ஆறுகள்தான் இதன் சொந்த ஊர். 1941-ல் அறிவியல் பெயர் சூட்டியபோது, திருவிதாங்கூரின் பெயரையே இதற்கு வைத்தார்கள்.

விற்பனைக்கு வருபவற்றில் பல, ஆற்றிலிருந்து பிடிக்கப்பட்டவை. சர்வதேச சிவப்புப் பட்டியலில், அழியும் அபாயத்தில் இருக்கும் இனங்களில் இதுவும் ஒன்று. அதாவது, தெரியாமல் வளர்த்து ஒரு மீனைச் சாகவிட்டால், ஆற்றில் ஒன்று குறைகிறது.

தீனி எது?

இது மாமிசப் பிரியர். கடையில் விற்கும் குருணைத் தீனியைப் பெரும்பாலும் சீண்டாது. தொட்டிகளில் தானாகப் பெருகும் சின்ன நத்தைகள், உறைய வைத்த ரத்தப்புழு, ஆர்ட்டீமியா போன்றவைதான் இதன் சாப்பாடு. பஃபர் மீன்களின் பற்கள் அலகுபோல ஒட்டி, வாழ்நாள் முழுக்க வளரும். நத்தை ஓட்டைக் கடித்தால்தான் அவை தேயும். நத்தைக்கென்று தனியாக ஒரு பாட்டில் வைத்து வளர்ப்பது நல்ல வழி. சாக்கடையிலிருந்து புழு எடுத்துப் போட வேண்டாம்.

தனிக்குடித்தனம்தான் சரி

உருவம் சிறியது என்பதற்காக, கண்ணாடிக் கிண்ணத்தில் வைக்கக் கூடாது. ஒரு மீனுக்குக் குறைந்தது 20 லிட்டர் தண்ணீர் வேண்டும். மற்ற மீன்களின் வாலைக் கடிக்கும் குணம் இருப்பதால், தனித் தொட்டியே பாதுகாப்பு. இரண்டு ஆண் மீன்கள் சேர்ந்தால் சண்டைதான். நிறைய செடிகள் வைத்தால், துரத்தப்படும் மீன் ஒளிந்துகொள்ளும்.

தண்ணீரில் கவனம்

புதுத் தொட்டியில் அன்றே மீன் விடாதீர்கள். கழிவிலிருந்து வரும் அமோனியாவை மாற்றும் நல்ல பாக்டீரியா ஃபில்டரில் வளர, நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகலாம். டெஸ்ட் கிட்டில் அமோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம் காட்டிய பிறகே மீன் வர வேண்டும். வாரம் ஒருமுறை கால்வாசித் தண்ணீரை மாற்றுங்கள். குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின் நீக்கும் மருந்து அவசியம். வெப்பநிலை 24 முதல் 28 டிகிரி செல்சியஸுக்குள் இருப்பது நல்லது. இதற்குச் செதில் கிடையாது. தாமிரம் கலந்த மருந்துகள் ஆபத்தாகலாம்.

வேடிக்கைக்காக ஊதவைக்காதீர்கள்!

பயத்தின் உச்சத்தில்தான் பஃபர் பலூன்போல உப்பும். தண்ணீருக்கு வெளியே எடுத்தால் காற்றை விழுங்கிவிடும். அது வெளியேறாவிட்டால் உயிருக்கே ஆபத்து. இடம் மாற்றும்போது வலைக்குப் பதில், தண்ணீரோடு சேர்த்து டம்ளரில் மொள்ளுங்கள்.

பஃபர் இனங்கள் பலவற்றின் உடலில் கொடிய நஞ்சு இருக்கிறது. சமைத்தாலும் அது போகாது, மாற்றுமருந்தும் இல்லை. தொட்டியில் நீந்தும்வரை பயமில்லை. ஆனால், செத்த மீனைப் பூனை, நாய் வாயில் படாமல் ஆழமாகப் புதைத்துவிடுங்கள். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் தொட்டிக்கு மூடி கட்டாயம்.

கடையில் கேட்க வேண்டியவை

'இது பண்ணையில் குஞ்சு பொரித்ததா, ஆற்றில் பிடித்ததா?' என்று முதலில் கேளுங்கள். அடுத்து, உங்கள் கண்முன்னே தீனி போடச் சொல்லுங்கள். வயிறு உருண்டு, பாய்ந்து வந்து தின்றால் ஆரோக்கியமான மீன். வயிறு ஒட்டியிருந்தால் குடல்புழுத் தொல்லை இருக்கலாம். பச்சை உடம்பில் பெரிய புள்ளிகளோடு இருக்கும் இன்னொரு வகையை இதுவென்று நினைத்து வாங்கிவிடாதீர்கள். அது 15 சென்டிமீட்டர்வரை வளரும். வளர்ந்த பிறகு உப்புக் கலந்த தண்ணீர் கேட்கும்.

வளர்க்க முடியவில்லை என்றால், ஏரியிலோ கிணற்றிலோ விடாமல் கடையிலேயே திருப்பிக் கொடுங்கள். சரியாகக் கவனித்தால் நான்கைந்து வருடம் வாழும். தீனி போடும் ஆளைக் கண்டதும் கண்ணாடியோரம் ஓடிவந்து நிற்கும். அந்தப் பார்வைக்காகவாவது, முதலில் தொட்டியைத் தயார் செய்யுங்கள். மீன் பிறகு வரட்டும்!