வாட்ச் 21.35 காட்டுது, ரேஸ் 21.1 தான்: யார் சொல்றது சரி?

(எபிசோடின் எடிட் செய்யப்பட்ட எழுத்து வடிவம். பேச்சு நடையைப் பெரும்பாலும் அப்படியே விட்டிருக்கோம்.)

இன்னைக்கு நான் ஒரு தப்பை ஒத்துக்கப் போறேன். அதுக்குள்ள கொஞ்சம் ஜிபிஎஸ் இருக்கு, கொஞ்சம் சைக்கிள் இருக்கு, கொஞ்சம் எங்க அப்பாவும் இருக்கார்.

நான் ஓட ஆரம்பிச்சது லாக்டவுனுக்கு அப்புறம். வீட்டிலேயே உட்கார்ந்து கோட் அடிச்சு 94 கிலோ ஆயிட்டேன். மூணாவது மாடி ஏறினா மூச்சு வாங்கும். முதல்ல பெசன்ட் நகர் பீச்ல நடை, அப்புறம் 5 கே, அப்புறம் 10 கே. கடைசியா ஒரு டார்கெட் வெச்சேன்: ஹாஃப் மராத்தான் ரெண்டு மணி நேரத்துக்குள்ள. ரெண்டு வருஷம் அதுக்காகவே காலைல நாலரை மணிக்கு எழுந்தேன்.

அந்த ரேஸுக்குப் பதினேழாயிரம் ரூபாய் கொடுத்து கார்பன் பிளேட் ஷூ வாங்கினேன். வாட்ச் அதைவிட அதிகம். கணக்கு சிம்பிள். 21.0975 கிலோமீட்டரை 2 மணி நேரத்தில் முடிக்க, ஒரு கிலோமீட்டருக்கு 5 நிமிஷம் 41 விநாடி. நான் 5:40-ல் வாட்ச்சைப் பார்த்துக்கிட்டே ஓடினேன், மெஷின் மாதிரி. வாட்ச் 21.1 தொட்டப்போ நேரம் 1:59:33. சாதிச்சிட்டேன்!

ஒரே ஒரு பிரச்சனை. ஃபினிஷ் லைன் இன்னும் 250 மீட்டர் தள்ளி இருந்தது.

கோட்டைத் தாண்டினப்போ 2:00:59. கழுத்துல மெடல் போட வந்த வாலண்டியர் பொண்ணுக்கு இருபது வயசு இருந்தா அதிகம். அந்தப் பொண்ணுகிட்ட கத்தினேன். "கோர்ஸ் தப்பா போட்டிருக்கீங்க, கால் கிலோமீட்டர் அதிகம், காசு வாங்கிட்டு ஒழுங்கா அளக்கத் தெரியாதா?" பாவம், அது "சாரி சார், சாரி சார்"ன்னு சொல்லிட்டே நின்னுச்சு.

அன்னைக்குத்தான் முதல் தடவையா அப்பா என் ரேஸைப் பாக்க வந்திருந்தார். வண்டியில வீட்டுக்கு வர்ற வழியில ஒண்ணும் பேசல. அடையாறு சிக்னல்ல மட்டும் கேட்டார்: "அந்தப் பொண்ணு என்னடா பண்ணுச்சு?"

சாயங்காலம் எங்க ரன்னிங் குரூப் வாட்ஸ்அப்ல பெரிய புலம்பல் போட்டேன், ஸ்க்ரீன்ஷாட்டோட. குரூப்ல ஒரு அண்ணா இருக்கார். இருபது வருஷமா ஓடுறவர், கையில வெறும் ஸ்டாப்வாட்ச் உள்ள டிஜிட்டல் வாட்ச்தான். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "தம்பி, ரோட்டுல எந்தப் பக்கமா ஓடின?"

அந்தக் கேள்வி எனக்குப் புரியவே இல்லை. புரிஞ்சிக்க ஒரு வாரம் ஆச்சு. அதைத்தான் இப்போ சொல்லப் போறேன்.

கோர்ஸை எப்படி அளக்குறாங்க?

நான் நினைச்சது, யாராவது கார்ல போயி மீட்டர் பார்ப்பாங்க, இல்லைன்னா மேப்ல கோடு போடுவாங்கன்னு. சர்டிஃபைடு கோர்ஸ்ல அப்படி இல்லை. அளக்குறது சைக்கிள்ல. முன் சக்கரத்துல ஜோன்ஸ் கவுண்டர்னு ஒரு சின்னப் பல்சக்கரக் கருவி மாட்டுவாங்க. 1971-ல் ஆலன் ஜோன்ஸ் என்ற அமெரிக்கர் கண்டுபிடிச்சது. சக்கரம் ஒரு சுற்று சுற்றினா இருபதுக்கும் மேல எண் ஏறும். அதாவது ஒரு எண்ணுக்குச் சுமார் பத்து சென்டிமீட்டர்.

முதல்ல ஒரு நேரான ரோட்டை ஸ்டீல் டேப்பால அளந்து, அதுல சைக்கிளைப் பல தடவை ஓட்டி, ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை எண்ணுன்னு கண்டுபிடிப்பாங்க. ரூட்டை அளந்து முடிச்சதும் மறுபடியும் அதே ரோட்டுல ஓட்டிச் சரி பார்ப்பாங்க. ஏன்னா வெயில் ஏறினா டயர்ல காத்து விரியும், எண்ணிக்கை மாறும். நம்ம பாஷையில சொன்னா, டெஸ்டுக்கு முன்னாடியும் பின்னாடியும் கேலிபரேஷன்.

முக்கியமான விஷயம் இனிதான். அளக்குறவர் ரோட்டு நடுவுல ஓட்ட மாட்டார். ஒரு ரன்னர் ஓடக்கூடிய மிகக் குறுகிய பாதையில ஓட்டுவார். வளைவுல உள்பக்க ஓரத்துலேர்ந்து 30 சென்டிமீட்டர் தள்ளி, அடுத்த வளைவுக்கு நேர்க்கோட்டுல. கடைசியா ஆயிரத்துக்கு ஒண்ணுன்னு கூடுதலா சேர்ப்பாங்க. ஹாஃப் மராத்தான்னா 21 மீட்டர். எந்தக் காரணத்துக்காகவும் கோர்ஸ் குறைஞ்சிடக் கூடாதுன்னு.

குறைஞ்சா என்ன ஆகும்? 1981 நியூயார்க் மராத்தான்ல ஆல்பர்ட்டோ சலஸார் 2:08:13-ல் ஓடி உலகின் சிறந்த நேரம்னு கொண்டாடினாங்க. பிறகு மறுபடி அளந்தப்போ கோர்ஸ் 148 மீட்டர் குறைவு. சாதனை போச்சு. அவர் மேல ஒரு தப்பும் இல்லை.

வாட்ச் எப்படி அளக்குது?

வாட்ச் தூரத்தை அளக்குறதே இல்லை. நீங்க எங்க இருக்கீங்கன்னு புள்ளி வெச்சுக்கிட்டே போகுது. அந்தப் புள்ளிகளை இணைச்சு நீளத்தைக் கூட்டுது. ஒவ்வொரு புள்ளியும் சில மீட்டர் அப்படி இப்படி இருக்கும். சிக்னல் 20,000 கிலோமீட்டர் உயரத்திலேர்ந்து வருது. ஒளி ஒரு நானோ விநாடியில 30 சென்டிமீட்டர் போகும். நான் ஓடின ரூட்ல ஓஎம்ஆர் இருந்தது: ஒரு பக்கம் ஐடி கம்பெனிகளோட கண்ணாடிக் கட்டடம், நடுவுல மெட்ரோ தூண். சிக்னல் அதுல எல்லாம் பட்டுத் திரும்பி லேட்டா வரும்.

"தப்பு இடது பக்கமும் வரும், வலது பக்கமும் வரும், சராசரியில சரியாயிடுமே?"ன்னு எனக்கும் தோணுச்சு. இடம்னா சரியாயிடும். தூரம் ஆகாது. ஸ்கேல் வெச்சு ஒரு கோடு போடுங்க. அதே கோட்டைக் கை நடுங்க போடுங்க. நடுக்கம் எந்தப் பக்கம் போனாலும் கோட்டோட நீளம் கூடத்தான் செய்யும். சாஃப்ட்வேர் இந்த நடுக்கத்தைத் தேய்க்கப் பார்க்கும், சில நேரம் வளைவை வெட்டிக் குறைக்கவும் செய்யும். ஆனா நேரான ரோட்டுல பெரும்பாலும் கூடுதல் பக்கம்தான் சாயும்.

இதோட நம்ம கால் செய்யுற தப்பும் சேருது. அண்ணா கேட்ட கேள்வி அதுதான். ஒரு யூ-டர்ன்ல உள்பக்கத்தை விட்டு அஞ்சு மீட்டர் வெளியில ஓடினா, கூடுதல் தூரம் பை பெருக்கல் அஞ்சு, கிட்டத்தட்ட 16 மீட்டர். ஒன்பதாங் கிளாஸ் கணக்கு! தண்ணிக்காக ரோட்டைக் குறுக்கே கடக்குறது, கூட்டத்துல வளைஞ்சு நெளிஞ்சு முந்துறது எல்லாமே இதுல சேரும். நான் முதல் மூணு கிலோமீட்டர் முழுக்க ஆளுங்களை முந்திக்கிட்டுத்தான் இருந்தேன்.

ஆக 250 மீட்டர்ல கொஞ்சம் வாட்ச்சோடது, மிச்சம் என்னோடது. வாலண்டியர் பொண்ணோடது ஒரு மீட்டர்கூட இல்லை.

ஷூ விஷயத்தையும் சொல்லிடறேன். 2017-ல் வந்த முதல் கார்பன் பிளேட் ஷூ ஆய்வுல சராசரியா 4 சதவீதம் எனர்ஜி மிச்சம்னு வந்தது. ஆனா அவங்க மணிக்கு 14 முதல் 18 கிலோமீட்டர் வேகத்துல ஓடின வேகமான ரன்னர்ஸ். நான் பத்தரை. பதினேழாயிரம் கொடுத்து ஏதோ கொஞ்சம் மிச்சம் பிடிச்சிருப்பேன். வளைவு பார்க்கத் தெரியாம அதை ரோட்டுலயே கொட்டிட்டேன்.

அப்போ என்ன பண்ணணும்?

ஒண்ணு, ரேஸ் அன்னைக்கு வாட்ச்ல ஆட்டோ லேப்பை ஆஃப் பண்ணிடுங்க. கிலோமீட்டர் போர்டு வரும்போது நீங்களே லேப் பட்டனை அமுக்குங்க. போர்டும் சில மீட்டர் முன்ன பின்ன இருக்கலாம், ஆனா அந்தத் தப்பு சேர்ந்துக்கிட்டே போகாது.

ரெண்டு, வாட்ச் பேஸை நம்பித்தான் ஓடணும்னா ஒரு சதவீதம் மார்ஜின் வெச்சுக்கோங்க. ரெண்டு மணி நேரத்துக்கு 5:41 இல்லை, 5:37.

மூணு, அடுத்த வளைவு எந்தப் பக்கம்னு பார்த்து இப்போவே அந்தப் பக்கம் நகருங்க. கோன் வெச்ச எல்லைக்குள்ள மட்டும். டிவைடர் தாண்டினா அது வேற பேர்.

நாலு, எல்லா லோக்கல் ரேஸும் இப்படி அளந்ததுன்னு நினைக்காதீங்க. ரெஜிஸ்டர் பண்றதுக்கு முன்னாடி சர்டிஃபைடு கோர்ஸான்னு கேளுங்க. 10 கே ரேஸ்ல எல்லார் வாட்ச்சும் 10.1 காட்டினா நார்மல். எல்லார் வாட்ச்சும் 9.6 காட்டினா சந்தேகப்படலாம், வாட்ச் வழக்கமா அந்தப் பக்கம் தப்பு பண்ணாது. யூ-டர்ன் கோனை 50 மீட்டர் மாத்தி வெச்சாலே 100 மீட்டர் போயிடும். அப்பவும் மெயில் போடுங்க. ஃபினிஷ் லைன்ல நிக்கிறவங்ககிட்ட கத்தாதீங்க. அவங்க ராத்திரி மூணு மணிக்கு எழுந்து, நமக்கு மெடல் போட வந்தவங்க.

அந்தப் பொண்ணுகிட்ட மன்னிப்பு கேட்க ஆசைப்பட்டேன். பேர் தெரியாது. ரேஸ் நடத்தினவங்களுக்கு ஒரு மெயில் போட்டேன், வாலண்டியர்ஸ் எல்லாருக்கும் சொல்லிடுங்கன்னு. நன்றின்னு பதில் வந்தது. அது அவங்களுக்குப் போய்ச் சேர்ந்துதான்னு தெரியாது.

அடுத்த வருஷம் அதே ரேஸ், அதே ஷூ, இன்னும் பழசாகி. நேரம் 1:59:21. அப்பா பார்க்கிங்ல நின்னுட்டிருந்தார். மெடலைத் திருப்பிப் பார்த்துட்டுக் கேட்டார்: "இந்தத் தடவை தூரம் சரியா இருந்துச்சா?"

"வாட்ச் 140 மீட்டர் அதிகம் காட்டுதுப்பா."

"யார் மேல தப்பு?"

"எங்க ரெண்டு பேர் மேலயும்தான். எனக்கும் வாட்ச்சுக்கும்."

சிரிச்சுட்டு வண்டியை எடுத்தார்.

உங்க வாட்ச் கடைசி ரேஸ்ல எவ்வளவு காட்டுச்சுன்னு எழுதி அனுப்புங்க மக்களே. அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.