கோடைக்கால மலைநடைப் பயண ஆயத்தம்

கோடைக்கால மலைநடைப் பயண ஆயத்தம் என்பது, நீர், உணவு, உடை, மருந்து முதலியவற்றை முதுகுப்பையில் சுமந்து மலைப்பாதையில் நடந்து செல்வோர் பயணத்துக்கு முன் மேற்கொள்ளும் ஏற்பாடுகளைக் குறிக்கும். குளிர்நாடுகளில் கோடை என்பது பனி உருகிப் பாதை திறக்கும் காலம். தமிழ்நாட்டிலோ அது சுனைகள் வற்றி, புல் காய்ந்து, காட்டுத்தீ பரவும் காலமாகும். எனவே பிற நாடுகளில் கூறப்படும் முறைகள் அனைத்தும் இங்கு அப்படியே பொருந்துவதில்லை.

திருப்பூர் வட்டாரமும் வெள்ளியங்கிரியும்

வீரபாண்டி, திருப்பூர் மாநகரின் தெற்கே பல்லடம் சாலையை ஒட்டி அமைந்த பகுதியாகும். பின்னலாடைத் தொழிலை நம்பி வாழ்வோர் இங்கு மிகுதி. இப்பகுதியினர் எளிதில் சென்றுவரக்கூடிய மலைநடைகளுள் முதன்மையானது கோயம்புத்தூர் மாவட்டத்தின் மேற்கே, மேற்குத் தொடர்ச்சி மலையில் உள்ள வெள்ளியங்கிரி ஆகும். பூண்டி அடிவாரத்திலிருந்து ஏழு மலைகளைக் கடந்து ஏறத்தாழ 6,000 அடி உயரத்தில் உள்ள உச்சியை அடைய வேண்டும். பொதுவாகப் பிப்ரவரி முதல் மே வரை வனத்துறை இம்மலையில் ஏற அனுமதி வழங்குகிறது. 2024 ஆம் ஆண்டுப் பருவத்தில் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி முதலிய காரணங்களால் இம்மலையில் பலர் உயிரிழந்தனர். பக்தி நடையாயினும் இது கடினமான மலையேற்றமே என்பதை இவ்விறப்புகள் உணர்த்துகின்றன.

அனுமதி

காப்புக்காடுகளுக்குள் வனத்துறையின் அனுமதியின்றி நுழைவது குற்றமாகும். 2018 ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வகுக்கப்பட்டன. 2024 அக்டோபரில் 14 மாவட்டங்களில் 40 பாதைகளைக் கொண்ட மலையேற்றத் திட்டத்தை மாநில அரசு தொடங்கியது. காட்டுத்தீப் பருவத்தில் பாதைகள் மூடப்படுவதுண்டு. ஆகவே நாள் குறிப்பதற்கு முன் பாதை திறந்துள்ளதா என அறிந்துகொள்வதே ஆயத்தத்தின் முதற்படி.

உடல் ஆயத்தம்

பவர் டேபிளில் நாள் முழுதும் அமர்ந்து தைப்பவருக்கும், செக்கிங் மேசையில் நாள் முழுதும் நிற்பவருக்கும் உழைப்பு மிகுதி. ஆயினும் அவ்வுழைப்பு மலையேறும் பயிற்சியாகாது. குறைந்தது நான்கு வாரங்களுக்கு முன்பே விரைநடையும் படியேற்றமும் தொடங்குதல் நன்று. கடைசி இரு வாரங்களில் பயணத்துக்குரிய பையைச் சுமந்தே படியேற வேண்டும். ஏறுவதைவிட இறங்கும்போதே முழங்கால் அதிகம் துன்புறும் என்பதால் படியிறங்கும் பயிற்சியும் தேவை.

இதய நோய், உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, ஆஸ்துமா உடையோர் மருத்துவரைக் கேட்டறியாமல் ஏறலாகாது. சனிக்கிழமைச் சம்பளம் பெற்று, ஷிப்ட் முடிந்த கையோடு வண்டியேறி, இரவெல்லாம் மலையேறி, திங்களன்று வேலைக்குத் திரும்பும் திட்டம் இடர் மிக்கது. உறக்கமின்மை வெப்பத்தைத் தாங்கும் ஆற்றலைக் குறைப்பதோடு கால் இடறி விழவும் காரணமாகிறது.

உடை

பருத்தி வியர்வையை நன்கு உறிஞ்சும். ஆனால் மெதுவாகவே உலரும். பருத்தி இயல்பு நிலையில் தன் எடையில் ஏறத்தாழ 8 விழுக்காடு ஈரத்தை ஏற்கிறது. பாலியெஸ்டர் ஏற்பது 0.4 விழுக்காடு மட்டுமே. சமவெளி வெயிலில் பருத்தியின் ஈரம் உடலைக் குளிர்விக்கும். உச்சியில் நிலைமை வேறு. ஒவ்வொரு 1,000 மீட்டர் உயரத்துக்கும் வெப்பநிலை ஏறத்தாழ 6.5 பாகை செல்சியசு குறையும். அங்கு வீசும் காற்றில் நனைந்த பனியன் உடல் வெப்பத்தை விரைந்து கவரும். ஆகவே மாற்றுப் பனியன் ஒன்றையும் காற்றுத்தடுப்புச் சட்டை ஒன்றையும் நனையாத உறையில் இட்டு எடுத்துச் செல்ல வேண்டும்.

பாலியெஸ்டர் விரைவில் உலர்ந்தாலும் தீப்பட்டால் உருகித் தோலில் ஒட்டும் தன்மையது. தோள்பட்டையில் தடித்த ஓவர்லாக் தையல் உள்ள சட்டை, பையின் பட்டை அழுத்துவதால் தோலை உராய்ந்து புண்ணாக்கும். தட்டையான ஃபிளாட்லாக் தையல் இதற்கு ஏற்றது. புதிய காலணியைப் பயணத்தன்று முதன்முறையாக அணிதல் கூடாது.

முதுகுப்பை

பையின் எடை உடல் எடையில் ஒருநாள் பயணத்துக்குப் பத்தில் ஒரு பங்கையும், பலநாள் பயணத்துக்கு ஐந்தில் ஒரு பங்கையும் மிகாதிருத்தல் நலம். கனமான பொருள்களை முதுகை ஒட்டி நடுப்பகுதியில் வைக்க வேண்டும். இடுப்புப் பட்டையை இறுக்கினால் சுமையின் பெரும்பகுதி தோளிலிருந்து இடுப்புக்கு மாறும். தலைவிளக்கு, மாற்று மின்கலம், ஊதல், முதலுதவிப் பொருள்கள், வழக்கமாக உட்கொள்ளும் மருந்துகள் ஆகியன இன்றியமையாதவை.

நீரும் உணவும்

வெயிலில் ஏறும் ஒருவருக்கு மணிக்கு அரை லிட்டருக்குக் குறையாத நீர் தேவைப்படும். கோடையில் சுனைகள் வற்றக்கூடுமாதலால் அவற்றை மட்டும் நம்பலாகாது. வியர்வையோடு உப்பும் வெளியேறுவதால் வெறும் நீர் போதாது. உப்பு சர்க்கரைக் கரைசல் பொதி இல்லையெனில், ஒரு லிட்டர் தூய நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் தலைதட்டி அளந்து கலந்துகொள்ளலாம். கடலைமிட்டாய், பொரிகடலை, பேரீச்சை, எலுமிச்சைச் சோறு போன்றவை ஏற்ற உணவுகள்.

வெப்பத் தாக்கு

தலைவலி, குமட்டல், தசைப்பிடிப்பு, தலைச்சுற்றல் ஆகியன தொடக்க அறிகுறிகள். இந்நிலையில் நிழலில் அமர்த்தி நீரும் உப்பும் அளிக்க வேண்டும். பேச்சுக் குழறுதல், மனக்குழப்பம், மயக்கம் ஆகியவை தோன்றி உடல் வெப்பம் 40 பாகை செல்சியசைக் கடந்தால் அது உயிருக்கு ஆபத்தான வெப்பத் தாக்கு ஆகும். உடனே உடலை நனைத்து விசிறிக் குளிர்வித்தவாறே 108 ஊர்திக்கு ஏற்பாடு செய்தல் வேண்டும். மயங்கியவர் வாயில் நீர் ஊற்றக் கூடாது. மலையில் தொலைபேசித் தொடர்பு கிடைக்காமற் போகலாம் என்பதால் எவரும் தனியே செல்லாதிருப்பது நன்று.

காட்டுத்தீ

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் ஏற்பட்ட காட்டுத்தீயில் மலையேற்றக் குழுக்கள் சிக்கின. சென்னை, ஈரோடு, திருப்பூர் பகுதிகளிலிருந்து சென்றோர் அக்குழுக்களில் இருந்தனர். இத்தீயினால் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர்.

தீ மேட்டை நோக்கி மிக விரைவாகப் பரவும். எனவே தீ கீழிருந்து வருகையில் சரிவின் மேல்நோக்கி ஓடுவது பெரும் ஆபத்து. தீயின் பாதையிலிருந்து பக்கவாட்டில் விலகி, வெறும் பாறை, ஓடைப் படுகை, முன்பே எரிந்து தணிந்த நிலம் ஆகியவற்றை அடைய முயல வேண்டும். உயர்ந்த காய்ந்த புல்லுக்குள் ஒளிதல் கூடாது. புகையைக் கண்டவுடன் பயணத்தைக் கைவிட்டுத் திரும்புவதே பாதுகாப்பானது. தீப்பெட்டி, பீடி, சிகரெட்டு, கற்பூரம் ஆகியவற்றைக் காட்டுப்பாதையில் பயன்படுத்தலாகாது.

புறப்படுமுன்

செல்லும் பாதை, உடன் செல்வோர் பெயர், திரும்பும் நேரம் ஆகியவற்றை எழுதி வீட்டில் ஒருவரிடம் கொடுத்துச் செல்ல வேண்டும். எந்த நேரத்துக்குள் உச்சியை அடையாவிடில் திரும்புவது என்பதையும் முன்னரே முடிவு செய்துகொள்ளுதல் நன்று. நெகிழிப் பொருள்களை இயன்றவரை தவிர்த்து, கொண்டு சென்ற குப்பையை முழுவதும் திரும்பக் கொண்டுவருதல் மலைநடையின் அடிப்படை நெறியாகக் கருதப்படுகிறது.