நண்பனின் அம்மா

"எல்லாரும் போறாங்கம்மா. நான் மட்டும்தான் வீட்லயே இருக்கணுமா?"

பதினைந்து வயதுப் பிள்ளை இருக்கும் வீட்டில் இந்தப் பேச்சு எழாத மாதம் இருக்காது. பிறந்தநாள் பார்ட்டி, நண்பன் வீட்டு மொட்டைமாடி, ராத்தங்கல் என எதற்கு அனுமதி வேண்டும் என்றாலும் "எல்லாரும்" வந்துவிடுவார்கள். சேலையூரில் ஓர் அம்மா இதைக் கேட்டு, நாம்தான் ரொம்பக் கெடுபிடி செய்கிறோமோ என்று குழம்பி, "சரி, போய்ட்டு வா" என்கிறார். அதே மாலை இரண்டு தெரு தள்ளி இன்னோர் அம்மாவும் இதையே கேட்டு, இதே மாதிரி குழம்பிச் சம்மதிக்கிறார். இரண்டு பேருக்குமே அனுப்ப மனமில்லை. அடுத்த வீட்டில் அனுப்பிவிட்டார்கள் என்ற நம்பிக்கையில் இருவருமே அனுப்பிவிட்டார்கள்.

அவர்கள் இருவரும் ஒருமுறை போனில் பேசியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? இந்தச் சாதாரணக் கேள்வியைச் சமூக அறிவியல் மிகத் தீவிரமாக எடுத்துக்கொண்டிருக்கிறது.

2012இல் ஹாலி ஷாக்யா, நிக்கோலஸ் கிறிஸ்டாகிஸ், ஜேம்ஸ் ஃபௌலர் ஆகிய மூவர் அமெரிக்கப் பள்ளி மாணவர்களின் நட்பு வலையை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். தாயின் வளர்ப்பு தன் பிள்ளையிடம் தெரியும் என்பது ஊரறிந்த சங்கதி. அவர்கள் தேடியது, நண்பனுடைய தாயின் வளர்ப்பு என்ன செய்கிறது என்பதை. பாசமும் கண்டிப்பும் சேர்ந்த தாய் நண்பனுக்கு இருந்தால் ஒரு கணக்கு; எதையும் கண்டுகொள்ளாத தாய் இருந்தால் இன்னொரு கணக்கு. இரண்டையும் ஒப்பிட்டபோது, முதல் வகை நண்பனைப் பெற்ற பிள்ளை போதை தலைக்கேறக் குடிக்கும் வாய்ப்பு 40 சதவீதம் குறைவாக இருந்தது. கஞ்சா பிடிக்கும் வாய்ப்பு 43 சதவீதம் குறைவு. நீங்கள் முகம்கூடப் பார்த்திராத ஒரு பெண்மணி, தன் வீட்டுக்குள் தன் மகனிடம் காட்டும் அக்கறை, உங்கள் வீட்டுப் பிள்ளை வரை வந்து சேர்கிறது. ஆய்வு தாய் என்ற கணக்கில் நடந்தது. அப்பாக்களுக்கு இதில் விலக்கு இருப்பதாக நான் நினைக்கவில்லை.

நண்பனுக்கு ஏன் இவ்வளவு சக்தி? விடை மூளையில் இருக்கிறது. நெற்றிக்குப் பின்னால், முன்மூளையில் உள்ள, யோசித்து நிதானித்து "வேண்டாம்" என்று சொல்லும் பகுதி முழுதாக முதிர இருபது வயது தாண்டி மேலும் சில ஆண்டுகள் ஆகும். கிளர்ச்சியையும் பாராட்டையும் தேடும் பகுதியோ பதின்வயதிலேயே முழு வேகத்தில் ஓடத் தொடங்கிவிடுகிறது. 2005இல் மார்கோ கார்ட்னரும் லாரன்ஸ் ஸ்டைன்பெர்கும் 306 பேரைக் கணினியில் கார் ஓட்டும் விளையாட்டு ஆட வைத்தார்கள். தனியாக ஆடியபோது பதின்வயதினர் ஓரளவு பார்த்துத்தான் ஓட்டினார்கள். பக்கத்தில் நண்பர்களை உட்கார வைத்ததும் அவர்கள் துணிந்த ஆபத்து ஏறக்குறைய இரு மடங்கானது. பெரியவர்களிடம் இந்த மாற்றமே இல்லை. நம் பிள்ளை தனியாக இருக்கும்போது ஒரு மாதிரியும் நண்பர்களோடு இருக்கும்போது வேறு மாதிரியும் இருப்பது நடிப்பு என்று நினைக்கிறோம். அந்த வயது மூளையின் இயல்பே அதுதான். ஆகவே தன் பிள்ளையிடம் மட்டும் பேசி முடித்துக்கொள்ளும் பெற்றோர் பிள்ளையின் ஒரு பாதியிடம்தான் பேசியிருக்கிறார்கள்.

ஜேம்ஸ் கோல்மன் என்ற சமூகவியலாளர் 1988இல் எழுதிய கட்டுரை ஒன்றில் எளிய படம் ஒன்று உண்டு. இரண்டு பிள்ளைகள் நண்பர்கள்; அவர்களுக்குள் ஒரு கோடு. ஒவ்வொரு பிள்ளைக்கும் பெற்றோருக்கும் ஒரு கோடு. இரு வீட்டுப் பெற்றோருக்கும் இடையே கோடு இருந்தால் வளையம் மூடுகிறது. இல்லாவிட்டால் திறந்து கிடக்கிறது. மூடிய வளையத்தில்தான் ஊர்க் கட்டுப்பாடு நிற்கும் என்றார் அவர்.

தாம்பரத்துக்காரர்களுக்கு இந்தப் படத்தை விளக்க வேண்டியதில்லை. இங்கே குடியிருப்பவர்களில் பலர் வேறு ஊரிலிருந்து வந்தவர்கள். திருநெல்வேலிப் பக்கமோ விழுப்புரம் பக்கமோ அவர்கள் வளர்ந்த தெருவில் அந்தக் கோடு தானாகவே இருந்தது. பெட்டிக்கடை ஓரம் ஒரு பீடியைப் பற்றவைத்தால், வீடு போய்ச் சேருமுன் சேதி போய்ச் சேர்ந்திருக்கும். 2021இல் ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் சேர்ந்து தாம்பரம் மாநகராட்சி ஆயின. சிட்லபாக்கமும் பம்மலும் பெருங்களத்தூரும் இப்போது ஒரே ஊர். ஆனால் அடுக்குமாடியில் எதிர்வீட்டுக்காரர் பெயர் தெரியாது. அம்மா மெப்ஸ் தொழில் வளாகத்தில் ஷிப்டு, அப்பா ஒரகடத்திலோ சிறுசேரியிலோ. பள்ளி விட்டதிலிருந்து ஜிஎஸ்டி சாலை நெரிசல் கடந்து அவர்கள் வீடு திரும்பும் வரை மூன்று நான்கு மணி நேரம் பிள்ளைகளுக்கு நண்பர்கள்தான் குடும்பம். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் நூறு பெற்றோர் இருக்கிறார்கள். அதில் ஹோம்வொர்க், கட்டணம், காலை வணக்கம் தவிர வேறு எதுவும் வருவதில்லை.

அறுந்த கோட்டைத் திரும்ப வரைய முடியுமா? ஐஸ்லாந்து வரைந்து காட்டியது. 1998இல் அங்கே 15, 16 வயதுப் பிள்ளைகளில் 42 சதவீதம் பேர் கடந்த ஒரு மாதத்தில் போதையேறக் குடித்ததாக ஆய்வில் சொன்னார்கள். 2016இல் அது 5 சதவீதம். ஆண்டுதோறும் மாணவர்களிடம் பெயரின்றிக் கேள்வித்தாள் கொடுத்தார்கள். முடிவுகளை ஊர்வாரியாக, பள்ளிவாரியாகப் பிரித்து, அந்தந்தப் பள்ளியின் பெற்றோரிடமே சூட்டோடு சூடாகக் கொடுத்தார்கள். நாட்டுச் சராசரி யாரையும் உறுத்தாது. "உங்கள் பள்ளியில் இத்தனை பேர்" என்ற எண் தூங்க விடாது. பெற்றோர் கூடி ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள்: பெரியவர் இல்லாத பார்ட்டிக்கு அனுப்ப மாட்டோம், பிள்ளைகளுக்கு மது வாங்கித் தர மாட்டோம். வார இறுதி இரவுகளில் பெற்றோரே கூட்டமாகத் தெருவில் நடந்து வந்தார்கள். கூடவே ரெய்க்யவிக் நகரம் விளையாட்டுக்கும் இசைக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் பணம் ஒதுக்கியது. தடுத்ததோடு நிற்காமல், பள்ளி விட்ட பின் வரும் நேரத்துக்கு வேலையும் கொடுத்தார்கள்.

நெதர்லாந்தில் ஈனா கோனிங் குழுவினர் 2009இல் வெளியிட்ட சோதனை இன்னும் கூர்மையானது. சில பள்ளிகளில் மாணவர்களுக்கு மட்டும் வகுப்பு; சிலவற்றில் பெற்றோருக்கு மட்டும் கூட்டம்; சிலவற்றில் இரண்டும். பெற்றோர் கூட்டத்தில் ஒரே வகுப்புப் பெற்றோர் சேர்ந்து பொது விதிகளை முடிவு செய்தார்கள். தனித்தனியாகச் செய்தவை பலன் தரவில்லை. இரண்டும் சேர்ந்த இடத்தில்தான் குடி குறைந்தது.

இதில் ஒரு அபாயமும் இருக்கிறது. கோடு வரைகிறேன் என்று பெற்றோர் உளவுப்படை ஆகிவிடக் கூடாது. ஹோகன் ஸ்டாட்டினும் மார்கரெட் கெர்ரும் 2000இல் எழுதிய கட்டுரை பலருடைய நினைப்பை மாற்றியது. பிள்ளையைப் பற்றிப் பெற்றோருக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி, துருவித் துருவிக் கேட்டதால் வந்ததில்லை. பிள்ளை தானாகச் சொன்னதால் வந்தது. ஒருவனுடைய தவறு வாட்ஸ்அப் குழுவில் ஓடினால், மற்ற நாற்பது பேரும் வாயை மூடிக்கொள்வார்கள். குழுவில் விதிகளைப் பேசலாம். ஒரு பிள்ளையைப் பற்றிய சேதி அவன் பெற்றோர் காதுக்கு மட்டும் போக வேண்டும்.

"வெளியே போய்க் கெடுவதற்கு, வீட்டில் நம் கண்முன் ஒரு பீர் குடிக்கட்டுமே" என்பவர்களும் இப்போது இருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் 1,927 பிள்ளைகளை ஆறு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2018இல் வெளியானது. பெற்றோர் ஊற்றிக்கொடுத்ததால் பாதுகாப்பு ஏதும் கிடைக்கவில்லை. வேறு இடத்தில் வாங்கிக் குடிப்பதும் அதனால் கூடியது.

மது மட்டுமே கவலை என்றும் இருக்க முடியாது. எய்ம்ஸ் நிபுணர்கள் நடத்தி 2019இல் வெளியான தேசிய ஆய்வில், பெரியவர்களைவிடப் பிள்ளைகளிடம் அதிகம் காணப்பட்ட ஒரே போதை முகர்வதுதான்: பஞ்சர் ஒட்டும் சொல்யூஷன், ஒயிட்னர் வகைகள். 10 முதல் 17 வயதினரில் 1.17 சதவீதம், பெரியவர்களில் 0.58. இவை ஸ்டேஷனரிக் கடையிலும் சைக்கிள் கடையிலும் கிடைப்பவை. கூல் லிப் புகையிலை, வலி மாத்திரை என்று பெயர்கள் மாறிக்கொண்டே இருக்கும். எந்தப் பெயர் இன்று நம் தெருவுக்குள் வந்திருக்கிறது என்று ஒரு வீட்டுக்குத் தெரியாது. பத்து வீடு பேசினால் தெரியும்.

பேசுவதற்கான மேடை நம்மிடம் ஏற்கெனவே உண்டு. கல்வி உரிமைச் சட்டப்படி அரசுப் பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப்பேர் பெண்கள். கழிப்பறையும் சுற்றுச்சுவரும் பேசப்படும் அந்தக் கூட்டத்தில், நான்கு மணிக்கு மேல் பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் என்பதையும் பேசலாம். தனியார் பள்ளிகளுக்கு வகுப்புக் குழு, குடியிருப்புகளுக்கு நலச்சங்கம். சிறுவர்களுக்கு மதுவோ புகையிலையோ போதைப்பொருளோ தருபவருக்கு ஏழாண்டு வரை சிறை என்கிறது 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம். பெட்டிக்கடைக்காரரிடம் ஒருவர் போய்க் கேட்கத் தயங்குவார். பத்துப் பேர் சேர்ந்து போகலாம்.

பிள்ளை ஏற்கெனவே சிக்கியிருந்தால் ஒளிக்க வேண்டாம். குடிக்குக் கணவரைப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980இல் தொடங்கிய போதை மீட்பு நிறுவனத்தின் மருத்துவமனை அடையாறு இந்திரா நகரில் இருக்கிறது. போதை மீட்பு உதவிக்கு 14446. விற்பவர்களைப் பற்றிப் புகார் சொல்ல 10581. இரண்டும் இலவச எண்கள்.

இவற்றோடு இன்னொரு எண்ணும் உங்கள் போனில் இருக்கட்டும். உங்கள் பிள்ளையின் நெருங்கிய நண்பன் யார் என்று இன்று இரவு கேளுங்கள். நாளைக்கு அவன் அம்மாவுக்கு ஒரு போன் போடுங்கள்.