விலை சொல்லும் நிபுணரும் சாட்சி சொல்லும் படமும்

பழைய கலைப்பொருள்களை ஏலத்தில் எடுப்பது லண்டன், நியூயார்க் பணக்காரர்களின் விவகாரமாக இருந்த காலம் போய்விட்டது. மலேசியாவின் பேராக் மாநிலத்து ஆயர் தாவாரில் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தபடியே ஒருவர் முகநூல் நேரலையில் தஞ்சாவூர் ஓவியத்துக்கும் வெண்கல நடராசருக்கும் ரவிவர்மா படத்துக்கும் விலை கேட்கலாம். ஈப்போவின் பாசார் காராட் பழம்பொருள் சந்தையில் ஞாயிற்றுக்கிழமை காலையில் வாங்குகிறவர் பொருளைக் கையில் எடுத்து, திருப்பி, தட்டி, எடை பார்த்து வாங்குகிறார். திரையில் அது முடியாது. அந்தக் குறையை நிரப்பத்தான் ஒரு தாள் கூடவே வருகிறது. "நிபுணர் மதிப்பீட்டுச் சான்றிதழ்" என்று அதற்குப் பெயர். பொருளின் காலம், ஊர், சந்தை மதிப்பு எல்லாம் அதில் இருக்கும். கீழே ஒரு கையெழுத்தும் முத்திரையும் இருக்கும். அந்தத் தாளை நம்பிப் பணம் கொடுக்கக் கூடாது என்பது என் கருத்து. விற்பனையில் ஆதாயம் உள்ளவர் சொல்லும் மதிப்பு சான்றாகாது. தமிழர் கலைப்பொருள்களின் பெரிய வழக்குகளில் உண்மையை நிலைநாட்டியது விலை மதிப்பீடு அல்ல. யாரோ ஒருவர் எந்த ஆதாயமும் கருதாமல் எடுத்துவைத்த பழைய புகைப்படம்தான்.

முதலில் இணைய விற்பனையில் பிறந்த ஒரு மோசடியைப் பார்ப்போம். 2022 பிப்ரவரியில் அமெரிக்காவின் ஒர்லாண்டோ கலை அருங்காட்சியகம் ழான்-மிஷேல் பாஸ்கியாவின் ஓவியங்கள் என்று 25 படங்களைக் காட்சிக்கு வைத்தது. உண்மையானவையாக இருந்தால் அவற்றின் மதிப்பு சுமார் 10 கோடி டாலர் என்று மதிப்பீட்டாளர்கள் சொல்லியிருந்தார்கள். பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவர் 60,000 டாலர் ஊதியத்துக்கு அறிக்கை எழுதியிருந்தார். தன் அறிக்கை தவறாகப் பயன்படுத்தப்பட்டது என்று பிறகு அவர் மறுத்தார். படங்கள் 1982-ல் வரையப்பட்டவை என்று சொல்லப்பட்டது. ஆனால் அவற்றில் ஒன்று வரையப்பட்டிருந்த அட்டைப்பெட்டியில் ஃபெடெக்ஸ் நிறுவனத்தின் அச்செழுத்து இருந்தது. அந்த எழுத்துருவை நிறுவனம் 1994-ல்தான் பயன்படுத்தத் தொடங்கியது. பாஸ்கியா இறந்ததோ 1988-ல். 2022 ஜூனில் எஃப்.பி.ஐ. அத்தனை படங்களையும் கைப்பற்றியது. மறு ஆண்டு லாஸ் ஏஞ்சலிஸ் ஏலக்காரர் மைக்கேல் பார்ஸ்மன் உண்மையை ஒப்புக்கொண்டார். 2012-ல் அவரும் கூட்டாளி ஒருவரும் அந்தப் படங்களைத் தயாரித்திருக்கிறார்கள். ஒரு படத்துக்கு 5 நிமிடம் முதல் 30 நிமிடம் வரை ஆனதாம். கைவிடப்பட்ட சேமிப்புக் கிடங்கில் கிடைத்தவை என்று கதை கட்டி இபேயில் விற்றிருக்கிறார்கள். சில நிமிட வேலைக்கு, பல கைகள் மாறி, அறிக்கைகள் சேர்ந்து, 10 கோடி டாலர் என்ற எண் ஒட்டிக்கொண்டது. அந்த எண்ணைச் சொன்னவர்களில் யாருக்கும் அட்டையைத் திருப்பிப் பார்க்கத் தோன்றவில்லை.

ஏலத்தில் பலர் போட்டி போட்டுக் கேட்ட விலையே ஒரு சான்றுதானே என்று சிலர் கேட்பார்கள். போலிக்கு யார் இவ்வளவு கொடுப்பார்கள் என்பது அவர்கள் வாதம். 2000-ஆம் ஆண்டு இபேயில் நடந்த ஒரு விற்பனை இதற்குப் பதில். பழைய சாமான் விற்பனையில் வாங்கியது, ஓவியம் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது என்று அப்பாவியைப் போல எழுதி ஒருவர் ஒரு படத்தை ஏலத்துக்கு வைத்தார். கையெழுத்து புகழ்பெற்ற அமெரிக்க ஓவியர் ரிச்சர்ட் டீபன்கோர்னுடையதைப் போல இருந்தது. விலை 1,35,805 டாலர் வரை ஏறியது. விசாரித்தபோது விற்றவரும் கூட்டாளிகளும் வேறு வேறு பெயர்களில் தாங்களே விலை கேட்டு ஏற்றியது தெரியவந்தது. 2001-ல் மூன்று பேர்மீது குற்றம் சாட்டப்பட்டது. இந்தத் தந்திரத்துக்குத் திரை மிகவும் வசதி. ஏலக் கூடத்தில் கை தூக்குகிறவனின் முகமாவது தெரியும். நேரலையில் "500", "700" என்று விழும் பெயர்களுக்குப் பின்னால் எத்தனை ஆள் என்று யாருக்கும் தெரியாது. இப்படி ஏறிய விலையைக் காட்டி மதிப்பீட்டாளர் அடுத்த பொருளுக்குச் சான்றிதழ் எழுதுகிறார். அந்தச் சான்றிதழைக் காட்டி அடுத்த ஏலத்தில் விலை ஏற்றப்படுகிறது. விலைக்குச் சான்றிதழ் ஆதாரம், சான்றிதழுக்கு விலை ஆதாரம். இரண்டுக்கும் வெளியே எந்த ஆதாரமும் இல்லை.

நம் பொருள்களுக்கு வருவோம். அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலின் சோழர் கால நடராசர் திருடப்பட்டு, நியூயார்க் வணிகர் சுபாஷ் கபூர் வழியாக 2008-ல் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடத்துக்குச் சுமார் 50 லட்சம் டாலருக்கு விற்கப்பட்டது. அந்தச் சிலையை ஒருவரும் போலி என்று சொல்லவில்லை. சிலை அசல், அதனோடு வந்த தாள்கள் போலி. 1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தில்லியில் பணியாற்றிய சூடான் நாட்டுத் தூதரக அதிகாரி வாங்கியது, பிறகு அவர் மனைவி வழியாக வந்தது என்று ஒரு கைமாற்று வரலாறு புனையப்பட்டிருந்தது. கலைக்கூடத்தில் நிபுணர்களுக்குப் பஞ்சமில்லை. சோழர் வார்ப்பின் அழகையும் காலத்தையும் அவர்கள் சரியாகவே கணித்தார்கள். ஆனால் அந்தத் தாள்களின் பொய் அங்கே உடையவில்லை. அதை உடைத்தது புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் அதே சிலையை அதே கோயிலில் வைத்து முன்பே எடுத்திருந்த படம். படத்தையும் சிலையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபின் வாதத்துக்கே இடமில்லை. 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபட் தில்லியில் சிலையைத் திருப்பிக் கொடுத்தார். கபூருக்குக் கும்பகோணம் நீதிமன்றம் 2022 நவம்பரில் 10 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது.

இது ஒரே ஒரு முறை நடந்த அதிசயம் அல்ல. ஆக்ஸ்போர்டின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகம் 1967-ல் சோதபீஸ் ஏலத்தில் திருமங்கையாழ்வார் வெண்கலம் ஒன்றை வாங்கியது. உலகப் புகழ்பெற்ற ஏல நிறுவனம், உலகப் புகழ்பெற்ற பல்கலைக்கழகம். அரை நூற்றாண்டு ஒரு கேள்வியும் எழவில்லை. கும்பகோணத்துக்கு அருகே சவுந்தரராசப் பெருமாள் கோயிலில் அதே உருவம் 1957-ல் நின்றிருந்ததைப் பிரெஞ்சு நிறுவனத்தின் படம் காட்டியது. 2024-ல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம் சிலையைத் திருப்பித் தர ஒப்புக்கொண்டது. அந்த நிறுவனத்தின் படக்காரர்கள் 1950-களிலிருந்து தமிழ்நாட்டுக் கிராமக் கோயில்களில் ஏறி இறங்கி ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் எடுத்தார்கள். எந்தச் சிலை என்ன விலை போகும் என்று அவர்கள் யாரும் கணக்குப் போடவில்லை. அந்தப் படங்களை இன்று நீதிமன்றம் நம்புவதற்கு அதுவே முக்கியக் காரணம் என்பேன்.

அப்படியானால் நிபுணரே வேண்டாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, சிவபுரம் நடராசரின் கதையே அந்தக் கேள்விக்குப் பலம் சேர்க்கும். 1951-ல் தஞ்சை மாவட்டம் சிவபுரத்தில் மண்ணுக்கடியில் வெண்கலங்கள் கிடைத்தன. 1954-ல் பழுது பார்க்க ஒரு ஸ்தபதியிடம் கொடுக்கப்பட்டபோது நகல் செய்யப்பட்டு, நகல் கோயிலுக்குத் திரும்பியது, அசல் விற்கப்பட்டது. கோயிலில் பூசை நடந்துகொண்டே இருந்தது, ஊருக்கு ஒன்றும் தெரியாது. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் டக்ளஸ் பாரெட் 1965-ல் முற்காலச் சோழ வெண்கலங்கள் பற்றி எழுதிய நூலில், கோயிலில் இருப்பது நகல் என்று சொன்னார். அதன் பிறகும் 1973-ல் அமெரிக்கச் செல்வர் நார்ட்டன் சைமன் சுமார் 9 லட்சம் டாலர் கொடுத்து அசலை வாங்கினார் என்பது தனிக் கதை. 1986-ல்தான் அது இந்தியா திரும்பியது. ஆக, ஒரு நிபுணரின் கண் ஊரே அறியாததைக் கண்டது. ஆனால் பாரெட் எந்த நிலையில் நின்று பேசினார் என்பதையும் பார்க்க வேண்டும். அவர் அந்தச் சிலையை விற்கவில்லை, விற்பவரிடம் ஊதியம் வாங்கவில்லை. மறுக்க விரும்புகிறவர் யாரும் மறுக்கும்படி பெயர் போட்டு நூலில் அச்சிட்டார். ஏலத் தாளில் கையெழுத்திடும் நிபுணரிடம் இந்த மூன்றையும் கேட்டால் போதும். பதில் சொல்லத் தயங்குகிறவரின் சொல்லுக்கு மதிப்பில்லை.

அறிவியல் பரிசோதனை இருக்கிறதே என்பது அடுத்த மறுப்பு. ஓவியத்தில் அது பல முறை கைகொடுத்திருக்கிறது. ஜெர்மானியப் போலி ஓவியர் வுல்ஃப்காங் பெல்ட்ராக்கி பிடிபட்டது அப்படித்தான். 1914-ல் வரைந்தது என்று அவர் விற்ற படத்தில், அன்று ஓவியர்களின் புழக்கத்தில் இல்லாத டைட்டானியம் வெள்ளை இருந்தது. அந்தப் படம் 2006-ல் கொலோன் நகர ஏலத்தில் 28 லட்சம் யூரோவுக்கு மேல் விலை போயிருந்தது. ஆனால் தமிழ் வெண்கலத்துக்கு இந்த வழி பெரிதும் அடைபட்டிருக்கிறது. உள்ளே களிமண் கருவுள்ள வார்ப்பானால் அந்த மண் கடைசியாக எப்போது சுடப்பட்டது என்று அளந்து காலம் சொல்லலாம். நம் சிலைகளோ கனவார்ப்பு. உள்ளே மண்ணே கிடையாது. உலோகத்தை மட்டும் வைத்து எப்போது வார்த்தது என்று சொல்ல முடியாது. பழைய பாத்திரத்தை உருக்கினால் உலோகம் பழையதாகவே இருக்கும். சுவாமிமலை ஸ்தபதிகள் இன்றும் அதே மெழுகு வார்ப்பு முறையில், அதே தாள அளவில் செய்கிறார்கள். அந்தப் புதிய சிலைகள் நேர்மையான, மதிப்புள்ள கலைப்படைப்புகள். மலேசியக் கோயில்கள் பலவற்றுக்கும் அங்கிருந்துதான் வருகின்றன. அதே சிலையை மண்ணில் புதைத்துக் களிம்பேற்றி "12-ஆம் நூற்றாண்டு" என்று எழுதுகிறவன்தான் திருடன். திரையில் தெரியும் பச்சைக் களிம்பு எதையும் நிரூபிக்காது.

இணையத்தால் நன்மையே இல்லையா என்றும் கேட்கலாம். நிச்சயம் உண்டு. ஏலப் பட்டியல்கள் இணையத்துக்கு வந்ததால்தான் சிங்கப்பூரில் இருந்தபடி எஸ். விஜயகுமாரும் 'இந்தியா பிரைட் ப்ராஜெக்ட்' நண்பர்களும் பட்டியல் படத்தையும் பழைய கோயில் படத்தையும் ஒப்பிட்டுத் திருட்டுகளை வெளிக்கொண்டுவர முடிந்தது. 2022-ல் பாரிஸ் கிறிஸ்டீஸ் ஏலத்துக்கு வந்த நடராசர் தூத்துக்குடி மாவட்டம் கயத்தாறு கோயிலுடையது என்று தமிழ்நாடு காவல்துறையின் சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவு காட்டி, ஏலத்தை நிறுத்தியது. ஆனால் இந்த நன்மை பழைய படம் இருக்கும் பொருளுக்கு மட்டுமே. பெரிய ஏல நிறுவனங்கள் போலி என்று தெரிந்தால் குறிப்பிட்ட ஆண்டுகளுக்குள் பணம் திருப்பித் தருவதாக எழுதித் தருகின்றன. நேரலையில் விற்பவர் "உள்ளது உள்ளபடி" என்ற ஒரு வரியோடு கைகழுவிவிடுகிறார்.

பேராக்கில் இது ஏன் நம்மைத் தொட வேண்டும்? 1936-ல் பீடோர் ஈயச் சுரங்கத்தில் எட்டுக் கைகள் கொண்ட அவலோகிதேசுவரர் வெண்கலம் கிடைத்தது. எங்கே, எப்போது கிடைத்தது என்று பதிவாகியிருப்பதால்தான் அது இந்த மண்ணின் பழைய வரலாற்றுக்குச் சாட்சியாக நிற்கிறது. பதிவில்லாமல் ஒரு கடைக்குப் போயிருந்தால் அழகான உலோகமாக மட்டுமே மிஞ்சியிருக்கும். ரப்பர் தோட்டங்களின் கதி அப்படித்தான் ஆனது. தோட்டத் துண்டாடல் காலத்திலிருந்து லயம் லயமாக மக்கள் வெளியேறினார்கள். கோயில்கள் இடம் மாறின, சில மறைந்தன. பித்தளைக் குத்துவிளக்கு, உற்சவ மூர்த்தி, சுவரில் மாட்டிய சாமி படம், ஜப்பான்காரன் காலத்து வாழைமர நோட்டு எல்லாம் எங்கெங்கோ போயின. யாரும் எழுதி வைக்கவில்லை. இந்த இடைவெளியில்தான் போலிச் சான்றிதழ் வளர்கிறது. "தோட்டத்துக் கோயிலில் இருந்து வந்தது" என்று எதை வேண்டுமானாலும் சொல்லலாம். மறுக்க யாரிடமும் ஆதாரம் இல்லை.

சாமி படங்களில் இந்தக் குழப்பம் மிகவும் அதிகம். ரவிவர்மாவின் கைவண்ண ஓவியம் வேறு, 1894-ல் பம்பாயில் அவர் தொடங்கிய அச்சகத்தின் படம் வேறு. அந்த அச்சகம் கைமாறிய பின்னும் பல்லாண்டு அதே படங்களை அச்சிட்டது. பிறர் போட்ட மறுபதிப்புகளுக்குக் கணக்கே இல்லை. தோட்ட வீடுகளில் தொங்கிய படங்களில் பல, கோவில்பட்டி கொண்டையராஜு போன்றவர்கள் வரைந்த நாள்காட்டிப் படங்கள். அவற்றுக்கென்று தனிப் பெருமை உண்டு. அவற்றை "ரவிவர்மா அசல்" என்று விற்பது வாங்குகிறவருக்கு மட்டும் இல்லை, கொண்டையராஜுவுக்கும் செய்யும் அநீதி. குடும்பச் சொத்து என்று சொல்வதும் போதாது. 2009 ஜனவரியில் தில்லி தூமிமல் காட்சிக்கூடத்தில், உறவினர் வழியாக வந்த படங்களின் கண்காட்சியைத் திறக்க வந்த ஓவியர் எஸ்.எச். ரசாவே, அவற்றில் பெரும்பாலானவை தன்னுடையவை அல்ல என்று சொன்னார்.

சட்டம் முழுப் பாதுகாப்பும் தராது; ஆனாலும் சில வழிகள் உண்டு. தொழிலாக விற்பவர் பொய் விவரம் சொல்லி விற்றால் மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 50,000 ரிங்கிட் வரை வழக்கறிஞர் இல்லாமலே கோரிக்கை வைக்கலாம். ஆகவே நேரலைப் பதிவையும், விற்பவர் எழுதிய ஒவ்வொரு வரியையும் சேமித்து வையுங்கள். பொருளின் பின்புறம், அடிப்புறம், ஓரம் ஆகியவற்றின் படங்களைக் கேளுங்கள். இந்தப் பொருள் யார் யாரிடம் இருந்தது, எந்த ஆண்டில் எங்கே நின்றது என்று காட்டும் பழைய படமோ ரசீதோ உண்டா என்று கேளுங்கள். இல்லை என்றால் விளக்குக்கு விளக்கின் விலை, வெண்கலத்துக்கு வெண்கலத்தின் விலை கொடுங்கள். பழமைக்கு ஒரு காசும் கொடுக்காதீர்கள்.

ஆயர் தாவார், சித்தியவான், பெருவாஸ் வட்டாரத்துக் கோயில் நிர்வாகத்தினருக்கு ஒரு வேண்டுகோள். இந்த ஆண்டுத் திருவிழாவுக்கு முன் உங்கள் கோயிலின் ஒவ்வொரு மூர்த்தியையும், விளக்கையும், வாகனத்தையும் நான்கு பக்கமும் படம் எடுங்கள். உயரம், எடை, உபயம் செய்தவர் பெயர், எந்தத் தோட்டத்திலிருந்து வந்தது என்ற விவரங்களைத் தேதியோடு எழுதுங்கள். ஒரு பிரதியைக் கோயிலிலும், ஒன்றைப் பக்கத்துத் தமிழ்ப்பள்ளியிலும், ஒன்றை வெளியூரில் இருக்கும் உறுப்பினரிடமும் வையுங்கள். வீடுகளில் தோட்டக் காலத்துப் படம் வைத்திருப்பவர்களும் அதன் பின்புறத்தில் ஆண்டையும் ஊரையும் எழுதிவிடுங்கள். இதற்கு ஒரு கைப்பேசியும் இரண்டு மாலைப் பொழுதும் போதும்.